ஏன் என்று கேட்கக் கூடாத வீடு

என் வேலை என்னவென்று எங்கள் தெருவில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். காலேஜில் டீச்சர் என்பார் ஒருவர். கோர்ட்டில் ஏதோ உத்தியோகம் என்பார் இன்னொருவர். எதிர்வீட்டுத் தறிக்காரர் மட்டும், "அது ஜட்ஜுங்களுக்கே ஜாதகம் பாக்குது" என்று தெருவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி வைப்பார். உண்மைக்குக் கிட்டத்தில் வந்தவர் அவர்தான்.

நான் அரசியல் அறிவியல் படித்தவள். சென்னையில் ஒரு கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் காஞ்சிபுரம் திரும்பிவிடுவேன். நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நீதிபதிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? தலை கறுப்பாக இருந்தபோது ஆரம்பித்தேன். இப்போது சாயம் போட்டால்தான் கறுப்பு. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆரம்பத்தில் என் அண்ணனுக்கு இது பிடிபடவே இல்லை. இதில் ஆராய என்ன இருக்கிறது, சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றார். ஒரே புத்தகத்தைப் பார்க்கிற இரண்டு பேர் ஒரே மாதிரி வழக்கில் இரண்டு மாதிரித் தீர்ப்பு சொல்கிறார்களே, அது எப்படி என்று கேட்டேன். அண்ணன் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். ஒருத்தர் சரியாகப் படித்திருக்க மாட்டார் என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ கருத்தரங்குகளில் என் ஆராய்ச்சியை மறுத்துப் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் மறுத்ததில்லை.

முதலில் எங்கள் ஊர் கோர்ட்டில்தான் போய் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சில், கையில் பேனாவோடு. வழக்குக்காரர் பெயரைக் கூப்பிடுகிற டவாலி சில நாள் என்னைக் கவனித்தார். பிறகு கிட்டே வந்து எந்தக் கேஸ் என்று கேட்டார். எந்தக் கேஸும் இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். அவர் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. கேஸ் தோற்று மனசு கலங்கிப்போன அம்மா என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் முதல் எனக்கு மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைத்தது. நானும் திருத்தவில்லை. வெயில் காலத்தில் உண்மையை விட மின்விசிறி பெரிது.

வக்கீல்களிடம் கேட்டால் அள்ளி அள்ளிக் கொடுப்பார்கள். இந்த ஜட்ஜிடம் ஜாமீன் கேட்பதென்றால் காலையில் கேட்டுவிட வேண்டும் என்பார் ஒருவர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் வாதத்தை நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் பேசினால் இருக்கிறதும் போய்விடும் என்பார் இன்னொருவர். வயதான ஒரு வக்கீல் இருந்தார். அவர் ஒரு நீதிபதியை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், வாய்தா வாங்கிவிடுவார். அந்த நீதிபதி மாற்றலாகிப் போகும்வரை வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பார். அதையெல்லாம் எழுதி எழுதித்தான் எனக்கு டாக்டர் பட்டம் வந்தது.

பட்டம் வந்ததும் வேறொரு தொல்லை பிடித்துக்கொண்டது. வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறவர், ஐயம்பேட்டையில் வரப்புத் தகராறில் இருக்கிறவர் என்று ஒவ்வொருவராக வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். எங்கள் கேஸ் எப்படி முடியும், நீங்கள் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்பார்கள். எனக்கு எந்த ஜட்ஜையும் தெரியாது என்றால் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவார்கள். தென்னேரியிலிருந்து வந்த ஒருவர் ஏரியில் பிடித்த விரால் மீன்களை உயிரோடு ஒரு குடத்தில் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டார். எங்கள் வீடு சுத்த சைவம். குடத்துக்குள் மீன் துள்ளும்போதெல்லாம் அண்ணி சுவரோரமாக ஒதுங்கியதையும், அடுக்கியிருந்த பட்டுப் புடவைகளை மார்போடு அணைத்துக்கொண்டதையும் இப்போதும் நினைத்துச் சிரிப்பேன். அண்ணி சிரிப்பதில்லை.

வெளியே நின்று பார்த்ததெல்லாம் ஒரு பங்குதான். முடிவெடுத்தவர்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்காக ஓய்வு பெற்ற நீதிபதிகளைத் தேடித் தேடிப் போனேன். எல்லாரும் நல்லவர்கள். முறுக்கு கொடுப்பார்கள், பேரன் பரதநாட்டியம் ஆடுகிற படத்தைக் காட்டுவார்கள். கேள்விக்கு வந்தால் மட்டும், "சாட்சியும் சட்டமும்தான் அம்மா, வேறென்ன?" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். சோறு எப்படி ஆச்சு என்று கேட்டால், அரிசியும் தண்ணீரும் என்கிறார்கள். அடுப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவர்களில் ஒருவரைத்தான் நான் மலைபோல நம்பியிருந்தேன். பல மாவட்டங்களில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு சின்னதோ பெரியதோ, நீளமாக எழுதுவார். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று காரணம் கொடுப்பார். இரண்டு இருக்காது, நாலும் இருக்காது. அவர் தீர்ப்புகளில் கைக்குக் கிடைத்தவை அத்தனையையும் படித்திருக்கிறேன். கையெழுத்தை மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் அவருடையது என்று சொல்லிவிடுவேன். அவருக்குக் கடிதம் எழுதினேன். சொல்ல வேண்டியதைத் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டேன் என்று ஒரு வரியில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அந்த ஒரு வரியும் வரவில்லை.

அப்போது என் புத்தகம் கடைசி அத்தியாயம் தவிர முடிந்திருந்தது. கல்லூரியில் எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் எழுதப்போவது இந்த ஒரு புத்தகம்தான். ஒரே ஒரு நீதிபதியாவது, ஒரே ஒரு முடிவைப் பற்றியாவது மனசுவிட்டுச் சொன்னதை அதில் வைக்காமல் வெளியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தோற்றுப்போனேன் என்று நானே அச்சடித்து விற்பது போல இருந்தது.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே பட்டுப் புடவை வியாபாரம், மாடியில் நான். அண்ணன் தறிக்காரர்களைப் பார்ப்பது, பாவு நூல் கொடுப்பது என்று வெளியே சுற்றுவார். கூடத்தில் மெத்தை விரித்து உட்கார்ந்து விற்பது அண்ணி. அண்ணிக்குத் தன் திறமை மேல் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. தானே சொல்வார், ஊரும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

அந்தக் கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. என் அம்மா காலத்தில் வந்தது, அண்ணி கையில் இரும்பாக இறுகிவிட்டது. புடவை எடுக்க வந்தவர்களிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. ஒன்றை வேண்டாமென்று தள்ளினால், ஏன் என்று கேட்காமல் அடுத்ததை விரிக்க வேண்டும். தள்ளியதை மடிக்கவும் கூடாது. அது பாட்டுக்கு விரிந்து கிடந்தால் கண் தானாகத் திரும்பி வரும். இதுதான் என்று யாராவது கை வைத்துவிட்டால், அப்போதும் ஏன் என்று கேட்கக் கூடாது, உடனே மடித்துவிட வேண்டும். "எடுத்தது எடுத்ததுதான், மடிச்சிடு" என்பது அண்ணியின் வேதவாக்கு. இதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு முறை அண்ணியையே கேட்டேன். என்னிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்.

"பொடவ எல்லாருக்கும் புடிச்சிருக்கும்மா. காரணந்தான் புடிக்காது. ஒருத்தர் காரணம் சொல்லி, இன்னொருத்தர் அதுக்கு பதில் சொல்லிக்கினு இருந்தா, பொடவ நடுவுல கெடந்து நாறிப்பூடும்" என்றார்.

ஏன் என்று கேட்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதனால் கல்யாண ஜவுளிக்கு ஆள் வருகிற நாட்களில் நான் மாடியை விட்டு இறங்கக் கூடாது என்று வீட்டில் எழுதாத தடையுத்தரவு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தடையுத்தரவை விலக்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. புடவை எடுத்துப் போட உதவிக்கு வருகிற பெண் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டாள். சென்னையிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு பெரிய கூட்டம் வந்து இறங்கிவிட்டது. அண்ணி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் கீழ வாம்மா. காபி குடுத்துட்டு, நான் கேக்கறதை எடுத்துப் போடு. வாயத் தெறக்காத."

தட்டோடு கூடத்துக்குள் போனேன். மெத்தையில் கல்யாணப் பெண், பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் அத்தை. நாலு பேரும் அண்ணியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெண்ணின் அப்பா, கட்டம் போட்ட சட்டையில், போனைப் பார்த்தபடி. அவருக்குக் காபியை நீட்டும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அவர்தான். ஒரு விழாவில் தூரத்தில் மேடையில் பார்த்த முகம். மூன்று காரணக்காரர். என் கடைசி அத்தியாயம் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, கண்ணாலேயே உதட்டுக்குப் பூட்டு போட்டார்.

அண்ணி முதலில் விரித்தது அரக்கு நிற உடல், கிளிப்பச்சைக் கரை. கல்யாணப் பெண் கரையின் ஓரத்தை விரலால் தொட்டாள். லேசாகச் சிரித்தாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள். முதல் புடவையையே பிடித்திருக்கிறது என்று சொன்னால் மாமியார் என்ன நினைப்பாரோ என்று நினைத்திருப்பாள். நாற்காலியில் இருந்தவர் அந்த நேரம் பார்த்துத் தலையை நிமிர்த்தினார், மறுபடி போனில் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் காஞ்சிபுரத்தில் புடவை எடுத்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எலுமிச்சை மஞ்சள் வந்தது, கண்ணைக் குத்துகிறது என்று போனது. கத்திரிப்பூ வந்தது, நாற்காலியிலிருந்து ஒரு "ம்" வந்தது, மாப்பிள்ளையின் அத்தை முகத்தைச் சுளித்ததும் போனது. மயில் கழுத்து, வெங்காயத் தோல், மாம்பழ நிறம் என்று நான் அலமாரிக்கும் மெத்தைக்கும் நடந்து நடந்து கால் கடுத்தது. பெண்ணின் அம்மா ஒவ்வொன்றுக்கும் கணவரைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்பார். அவர், ரெண்டு பக்கமும் பேசி முடிக்கட்டும் என்பார். ஓய்வு பெற்றும் மனிதர் இன்னும் இறங்கவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அதை அண்ணி கவனித்தாரா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா குவியலுக்கு அடியில் கையை விட்டு அந்த அரக்கை உருவினார். பெண்ணின் தோள்மேல் போட்டார். பெண்ணின் அம்மா தலையாட்டினார். அத்தை முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லாரும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார், தொண்டையைச் செருமினார், "இதுவே இருக்கட்டும்" என்றார். அண்ணியின் கை முந்திக்குப் போய்விட்டது. ஒரு மடிப்பு விழுந்தும்விட்டது.

"ஏன் சார்?" என்றேன்.

நான் யோசித்துக் கேட்கவில்லை. முப்பது வருடப் பழக்கம், தும்மல் மாதிரி வந்துவிட்டது. நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலி உயர்ந்து மேடைக்குப் போனது போல எனக்குத் தோன்றியது.

"இதுக்கு மூணு காரணம் இருக்கு" என்றார்.

முதல் காரணம், அரக்கு மங்கல நிறம், முகூர்த்தத்துக்கு அதுதான் வழக்கம். உடனே அத்தை, அது பெண் வீட்டார் வழக்கமாக இருக்கலாம், எங்கள் பக்கம் மஞ்சள்தான், முகூர்த்தப் புடவை எடுத்துக் கொடுக்கப்போவது நாங்களா நீங்களா என்றார். இரண்டாவது, நெசவு கெட்டி, நாள்பட உழைக்கும். இதற்கு மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். முகூர்த்தப் புடவையை வைத்து வருஷக்கணக்காக ஓட்ட வேண்டிய அளவுக்குத் தங்கள் வீட்டில் துணிப் பஞ்சம் வந்துவிடவில்லை என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதிக்கு அப்போதாவது நிறுத்தத் தோன்றியிருக்க வேண்டும். மூன்று என்று சொல்லிவிட்டு இரண்டோடு நிறுத்துகிற மனிதர் இல்லை அவர்.

"மூணாவது, முன்னுதாரணம். நம்ம கல்யாணத்துக்கும் அரக்குதான் எடுத்தோம்" என்று மனைவியைப் பார்த்தார்.

"அரக்கா? வாடாமல்லி."

"அரக்கு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஏங்க, கட்டினது நானா நீங்களா?"

அதற்கு மேல் அப்பீல் இல்லை. இத்தனை வருடத்தில் நிறமே ஞாபகமில்லை என்றால் வேறெதெல்லாம் ஞாபகம் இருக்கப்போகிறது என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார். அத்தை மஞ்சளுக்கு ஆதரவு திரட்டினார். கல்யாணப் பெண் எல்லாரையும் விட்டுவிட்டுப் போனில் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, இன்னும் ரெண்டு இடம் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வர மாட்டோம்.

அண்ணி வாசல்வரை போய்க் கெஞ்சாத குறையாகப் பேசினார். நீதிபதியிடம் என்னைக் காட்டி, "மனசுல வெச்சுக்காதீங்க சார். காலேஜ்ல ஜட்ஜுங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்குது. எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேட்டே பழகிப்போச்சு" என்றார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். கடிதம் எழுதியது நீங்களா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். "ம்" என்றார். கத்திரிப்பூ நிறத்துக்குச் சொன்ன அதே "ம்". கார் போய்விட்டது.

பட்டுப் புடவையை ஒழுங்காக மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். அண்ணி என்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார், ஆனால் நான் இல்லாமல் மடிக்கவும் முடியாது. குவியலோ கழுத்தளவு கிடந்தது. ஒவ்வொரு புடவைக்கும் நாங்கள் கோபத்தோடு விலகிப் போய், கோபத்தோடு நெருங்கி வந்து, கையைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் நாத்தனாரும் அண்ணியும் கும்மி பழகுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

என்னிடம் பேசாத அண்ணி புடவைகளிடம் பேசினார். படிச்சவங்க வூட்ல பொறந்தது உன் தலையெழுத்து என்று மயில் கழுத்திடம் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்று வெங்காயத் தோலிடம் சொன்னார். மாம்பழ நிறம் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. வியாபாரம் போனது உங்களுக்கு மட்டும்தானா, என் புத்தகமும் அந்தக் காரிலேயே ஏறிப் போய்விட்டது, இனி அந்த மனிதர் ஜென்மத்துக்கும் என்னிடம் பேச மாட்டார் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே துக்கமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டும் என்று காத்திருந்த கேள்வியை ஒரு புடவைக்குச் செலவழித்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

அண்ணி என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார். "அந்தாண்ட போய் அழுவு. கண்ணுத் தண்ணி பட்டா சரிகை கறுத்துப்பூடும்" என்றார். அது சமாதானம் என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு அந்த அரக்குப் புடவை மட்டும் மெத்தைமேல் விரிந்தபடி கிடந்தது. நான் அதன் முனையை எடுக்கப் போனேன். அது கெடக்கட்டும் என்றார் அண்ணி. நான் ஏன் என்று கேட்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு இலையைக் கழுவும்போது வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். பின்னால் கல்யாணப் பெண்ணும் அவள் அப்பாவும். அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு ஓடினார். மாப்பிள்ளையின் அம்மா மெத்தையைப் பார்த்தார், அரக்கைப் பார்த்தார், "அதைக் கொடுத்துடுங்க" என்றார். அவ்வளவுதான். அண்ணி இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்தார். முனை எங்கே போனது, முந்தி எங்கே போனது என்று நான் பார்ப்பதற்குள் புடவை பைக்குள் இருந்தது. நான் கதவோரமாக, முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றேன். தைரியம் போதாமல் கையையும் வாய்மேல் வைத்துக்கொண்டேன்.

நீதிபதி கிளம்பும்போது என் அருகில் நின்றார். காரில் ஒருவரோடு ஒருவர் பேசாமலே இரண்டு கடைகள் ஏறி இறங்கினார்களாம். பிறகு ஹோட்டலில் இட்லி வந்ததும் சம்பந்தி அம்மாள் அந்த அரக்கே இருக்கட்டும் என்றாராம், இவர் மனைவி சரி என்றாராம், அத்தை சட்னி கேட்டாராம். அதோடு முடிந்ததாம். யாரும் காரணம் சொல்லவில்லை என்றார்.

"இப்ப ஏன்னு கேக்கலையா?" என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார். தீர்ப்புகளில் அவருக்குச் சிரிக்க வரும் என்பதற்கு ஒரு அடையாளமும் இருந்ததில்லை.

"வர ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. பேசலாம். என் பேரைப் போடக் கூடாது. அந்தக் கேள்வியையும் கேக்கக் கூடாது."

சரி சார் என்றுவிட்டேன். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. மறுநாள் காலை ரயிலில்தான் உறைத்தது. ஏன் என்று கேட்காமல் அந்த மனிதரிடம் நான் எதைக் கேட்பது? ஊசியைப் பிடுங்கிக்கொண்டு தையல்காரனை விருந்துக்குக் கூப்பிட்ட கதைதான். அந்த வாரம் முழுக்க அந்த வார்த்தை இல்லாமல் கேள்வி தயாரித்துப் பார்த்தேன். எந்த வழியாகப் போனாலும் அது முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. எந்தக் காரணத்தால், எதை முன்னிட்டு, எப்படித் தோன்றியது என்று எல்லாம் அதே ஆள்தான். சனிக்கிழமை மாலை வீடு திரும்பியபோது அண்ணி யாருக்கோ புடவை விரித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பாதியில் நின்று வெகுநேரம் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேள்வி எதையும் கொண்டுபோகவில்லை. அவர் எழுதிய தீர்ப்புகளின் நகல்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. கலர் போட்டோதான், ஆனால் வெளுத்துப்போய்ப் புடவை, மாலை, பின்னால் நிற்கிற மாமா உட்பட எல்லாமே செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. வாடாமல்லி நன்றாகத் தெரிகிறது பாருங்கள் என்றார் அவர் மனைவி. அரக்கு என்றார் இவர். நான் இரண்டு பேரிடமும் தலையாட்டினேன்.

பிறகு முதல் தீர்ப்பை மேசைமேல் விரித்தேன். பழையது, சின்ன வழக்கு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாளை இடத்தின் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்ன விவகாரம். அந்த அம்மாள் பக்கம் தீர்ப்பாகியிருந்தது, வழக்கம்போல மூன்று காரணங்களோடு. அவர் எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவினார். எல்லாம் அதிலேயே இருக்கிறது என்று தள்ளி வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதை மடிக்கவுமில்லை. அதன்மேல் அடுத்ததை விரித்தேன்.

ஒரு கொலை வழக்கு. தள்ளினார். பாகப்பிரிவினை. இதில் பேச ஒன்றுமில்லை என்றார். கோயில் நிலம். உதட்டைப் பிதுக்கினார். நான் அலமாரிக்கும் மெத்தைக்கும் நடக்கிற அண்ணியின் உதவிக்காரப் பெண்போல, பைக்கும் மேசைக்குமாகக் கையை ஓட்டிக்கொண்டிருந்தேன். மேசை நிறைந்து தரைக்கு வந்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பை காலியாகிவிட்டது. இனி விரிக்க ஒன்றுமில்லை. கேட்டுவிடு என்று நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கை மெதுவாகக் குவியலுக்கு அடியில் போயிற்று. அந்த இட்லிக் கடை வழக்கை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் செருப்பை வாசல்ல கழட்டிட்டுத்தான் கோர்ட்டுக்குள்ள வருவாங்க. கோயிலுக்குள்ள வர மாதிரி. வேண்டாம்னு டவாலி சொல்லியும் கேக்க மாட்டாங்க. ஒரு நாள் யாரோ அந்தச் செருப்பை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இவங்க கொஞ்ச நேரம் தேடிப் பாத்தாங்க. அப்புறம் திரும்பி, நான் உக்காந்திருந்த பக்கம் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு, அந்த வெயில்ல வெறுங்காலோட நடந்து போனாங்க. ஜன்னல் வழியா பாத்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

என் கண் நிறைந்துவிட்டது. அவர் மனைவி காபியோடு அப்படியே நின்றார். இத்தனை வருடத்தில் இதை அவரும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. நீதிபதி தன் மடியில் இருந்த காகிதங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகத்தில் லேசாகப் பயம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஆனா சட்டப்படியும் அது சரியான தீர்ப்புதான். அதுக்கு மூணு காரணம் இருக்கு. முதலாவது..."

"போதும் சார்" என்று அவர் மடியிலிருந்து அதை எடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.